கப்பல் பயணிகளைக் குறிவைக்கும் பூநாரைப் படகுச் சவாரி: கவனம்

சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் ஒரு பகலுக்குள் பழவேற்காடு ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகில் பூநாரை (ஃபிளமிங்கோ) காட்டுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பணம் கட்டிவிடாதீர்கள். ஜூலையில் விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த என் அத்தை மகள் குடும்பம் தலைக்கு 2,500 ரூபாய் கட்டியது. நான் திருவொற்றியூர்க்காரன், துணைக்குப் போனேன்.

பழவேற்காடு போக மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போக வேண்டும். வேனோ கடலோரமாகவே எண்ணூருக்குப் போனது. கேட்டால், “இதுவும் அதே ஏரிதான் சார், பக்கிங்காம் கால்வாய் சேருதில்ல?” என்றார் கூட வந்த ஆள். கால்வாய் சேருவது உண்மைதான். அந்தக் கணக்கில் அடையாற்றையும் பழவேற்காடு என்று விற்கலாம்!

இறங்கியது கொசஸ்தலையாற்று முகத்துவாரம். எதிரே அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். ஒரு ஃபைபர் படகு, எல்லோருக்கும் சேர்த்து நாலே நாலு லைஃப் ஜாக்கெட், அதிலும் ஒன்றில் பக்கிள் இல்லை. குழந்தைகளுக்கு ஏற்ற அளவில் எதுவும் கிடையாது. தூரத்தில் நின்ற பறவைகளைக் காட்டி “ஃபிளமிங்கோ, ஃபிளமிங்கோ” என்று அந்த ஆள் கூவ, பிள்ளைகள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அவை மஞ்சள் மூக்கு நாரைகள். வால் பக்கம் கொஞ்சம் ரோஸ் நிறம் இருக்கும், அதை வைத்து ஏமாற்றுகிறார்கள். அலகைப் பாருங்கள்: நாரைக்கு நீளமாக மஞ்சளாக இருக்கும், பூநாரைக்கு நடுவில் மடங்கிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். படகுக்காரரிடம் கேட்டேன். “இந்த மாசத்துல பூநாரை ஏதுண்ணா? ஐந்நூறு ரூபா குடுத்து ஒரு ரவுண்டு அடிக்கச் சொன்னாங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

பூநாரைகள் பெருங்கூட்டமாகத் தெரிவது மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி வாக்கில்தான். தவிர, 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்கே தடை போட்டார்கள். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரிய ஆபத்து திரும்பும் வழியில். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்று நம்மவர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காசிமேட்டைத் தாண்டுவதற்குள் அத்தை மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பல் நிர்வாகமே நடத்தும் சுற்றுலா என்றால் தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள். வெளி ஏஜென்ட்டோடு போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கேட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு “பறவை வராதது இயற்கை சார்” என்று பதில் போட்டுவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஜிபே ரசீது, விளம்பரம், படகில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள், ரசீதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.