எக்செலைப் பைத்தானிடம் ஒப்படைத்து ஆறு ஆண்டுகள்

ஒவ்வொரு மாதத்தின் முதல் வேலை நாளும் எனக்கு ஒரு தண்டனையாக இருந்தது. பதினான்கு கிளைகளிலிருந்து பதினான்கு எக்செல் கோப்புகள் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே தாளில் ஒட்டி, கிளைக்கு ஒரு வேர்ட் அறிக்கை தயாரித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைப் பைத்தான் என்ற நிரல்மொழியிடம் ஒப்படைத்தேன். இன்று நான்கு நிமிடத்தில் முடிகிறது. ஆனால் அந்த நான்கு நிமிடத்தை எட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

எக்செலுக்குள்ளேயே 1993 முதல் விபிஏ என்ற நிரல்மொழி இருக்கும்போது பைத்தான் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் எழுதும் சிறு நிரலான மேக்ரோவும் எழுதியிருக்கிறேன். அது கோப்போடு ஒட்டிக்கொண்டு வாழும் உயிர். கோப்பை நகலெடுக்கும்போதெல்லாம் அதுவும் பெருகும். ஒரு கட்டத்தில் ஒரே மேக்ரோ ஐந்து வடிவங்களில் உலவியது, எது சரியானது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. பைத்தான் நிரல் கோப்புக்கு வெளியே ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றால், இன்றும் மேக்ரோவைத்தான் சொல்வேன். அவருடைய கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

முதல் ஆண்டு பைவின்32 என்ற பைத்தான் நூலகத்தின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) வழியாக எக்செலையே ஓட்டினேன். எக்செல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் இப்படிச் செய்விக்கலாம். சிக்கல் என்னவென்றால், எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்றே எக்செல் நம்புகிறது. 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கண்ணுக்குத் தெரியாத சாளரத்தில் கேட்டுவிட்டு, ஓர் இரவு முழுவதும் பதிலுக்காகக் காத்திருந்தது. நிரல் பாதியில் விழுந்தால் எக்செல் மட்டும் பின்னணியில் ஆவியாக உலவும். ஒரு நாள் டாஸ்க் மேனேஜரில் பதினொன்றை எண்ணினேன். மறுநாள் 'இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று செய்தி வரும். அந்த வேறொருவர் நான்தான். ஆளில்லாமல் சர்வரில் ஆபீஸை இப்படி ஓட்டுவதைப் பரிந்துரைப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அதைப் படித்தது பிற்பாடுதான்.

வேகமும் ஒரு தொல்லை. கலம் கலமாக எழுதினால் ஒவ்வொரு கலத்துக்கும் பைத்தான் எக்செலின் கதவைத் தட்ட வேண்டும். முழு அட்டவணையையும் ஒரே வரம்பாக (ரேஞ்ச்) கொடுத்தபோது, பல நிமிட வேலை நொடிகளில் முடிந்தது.

பிறகு எக்செலைத் திறக்காமல் கோப்பை மட்டும் தொடும் வழிக்கு மாறினேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற எக்செல் கோப்பு, தரவைக் குறிச்சொற்களோடு உரையாக எழுதும் எக்ஸ்எம்எல் கோப்புகளை அடைத்த ஒரு ஜிப் பொட்டலம். ஓப்பன்பைஎக்செல் என்ற பைத்தான் நூலகம் அதை நேரடியாகப் படிக்கும், எழுதும். எக்செல் நிறுவியிருக்கவே வேண்டாம். ஆனால் அதற்குக் கணக்குப் போடத் தெரியாது. சூத்திரத்தின் விடையைக் கேட்டால், கடைசியாக எக்செல் சேமித்து வைத்த மதிப்பைத்தான் தரும். நீங்களே ஓப்பன்பைஎக்செல் கொண்டு ஒரு முறை சேமித்துவிட்டால் அந்த மதிப்பும் போய்விடும். மொத்தத் தொகை வெறுமையாக அச்சான அறிக்கையைப் பார்த்து ஒரு கிளை மேலாளர், "இந்த மாதம் நாங்கள் ஒன்றுமே விற்கவில்லையா?" என்று கேட்டார். இப்போது கூட்டலைப் பைத்தானிலேயே செய்து விடையை எண்ணாக எழுதுகிறேன். தாளில் வரைந்து வைத்த வடிவங்களும் திறந்து சேமிக்கும்போது காணாமல் போகும். எனவே மூலக் கோப்பின்மேல் ஒருபோதும் எழுதுவதில்லை.

வேர்ட் பக்கம்தான் என்னை அதிகம் அழவைத்தது. வார்ப்புருவில் 'கிளைப்பெயர்' என்று ஒரு குறியீடு வைத்து, வேர்ட் கோப்புகளுக்கான பைத்தான்-டாக்ஸ் நூலகத்தைக் கொண்டு மாற்றினால் சில இடங்களில் மாறும், சில இடங்களில் மாறாது. கண்ணுக்கு ஒரே சொல். உள்ளே வேர்ட் அதை மூன்று துண்டுகளாக வைத்திருக்கும். நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தினாலே இப்படி உடையலாம். இப்போது குறியீடுகளை நோட்பேடில் அடித்து, வெறும் உரையாக ஒட்டுகிறேன்.

அடுத்தது தமிழ் எழுத்துரு. நிரலில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துகள் மட்டும் மாறின, தமிழ் அசையவில்லை. அளவும் அப்படியே, தடிமனும் அப்படியே. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் புரிந்தது. தமிழை வேர்ட் சிக்கலான எழுத்துமுறைகளின் வகையில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே தனி அமைப்புகள். நூலகத்தின் வழக்கமான கட்டளைகள் லத்தீன் எழுத்துகளுக்கு உரியதை மட்டுமே தொடுகின்றன. உள்ளிருக்கும் எக்ஸ்எம்எல்லைத் திருத்தலாம். அதைவிட, பாணிகளை (ஸ்டைல்) வேர்டிலேயே வார்ப்புருவில் அமைத்துவிட்டு, நிரலில் பாணியின் பெயரை மட்டும் சொல்வது எளிது. சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) தமிழ் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் உள்ள கோப்பின் தொடக்கத்தில், அதை எக்செலுக்கு அடையாளம் காட்டும் 'பாம்' குறி இல்லையென்றால், எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறக்கும்போது புரியாத கோலங்களே தெரியக்கூடும்.

தேதிகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் முடியாது. 1900ஐ லீப் ஆண்டு என்று எக்செல் இன்றும் கருதுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுடன் ஒத்துப்போக வேண்டுமென்று ஏற்றுக்கொண்ட பிழை அது. சில மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். என் பங்குக்கு, அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் குறியீட்டு எண்களையெல்லாம் உரையாகவே படிக்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் சுழியங்கள் உதிர்ந்துவிடும்.

இவ்வளவையும் மிஞ்சுவது மனிதர்கள் செய்வது. ஒருவர் நடுவில் ஒரு நெடுவரிசையைச் செருகுவார். இன்னொருவர் 'தொகை' என்ற தலைப்புக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடுவார். நான்காவது நெடுவரிசை என்று நம்பி எழுதிய என் முதல் நிரல், ஒரு மாதம் தொகைக்குப் பதிலாகத் தொலைபேசி எண்களைக் கூட்டியது. இப்போது தலைப்பைத் தேடிப் பிடிக்கிறது. கிடைக்காவிட்டால் எந்தக் கோப்பில் என்ன குறை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நிரலில் ஏறக்குறைய நானூறு வரிகள். வேலையைச் செய்பவை நூறுகூட இல்லை, மற்றவை சோதனைகள்.

எக்செலை நேரடியாக ஓட்டுவதை முழுவதும் கைவிடவில்லை. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையைப் புதுப்பிக்க அது வேண்டும். பிடிஎஃப் ஆக்கும் வேலையை இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸிடம் சாளரமில்லாமல் கொடுத்துவிட்டேன். பக்க உடைப்புகள் சில நேரம் வேர்டிலிருந்து சற்று விலகும், அவ்வளவுதான்.

மின்னஞ்சலை மட்டும் அவுட்லுக்கில் வரைவாகச் சேமிப்பதோடு நிரல் நின்றுவிடும். மூன்றாம் ஆண்டில் ஒரு முறை, முந்தைய மாதத்து அறிக்கையைப் பதினான்கு பேருக்கும் பத்து நொடியில் அனுப்பிவிட்டது. மன்னிப்புக் கடிதங்களைக் கையால்தான் எழுதினேன்.