குற்றாலச் சீசனில் முங்க ஒரு கடல்: திருகோணமலை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் கடலில் முங்கும் ஆசையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்பது சிலிண்டர் காற்றோடு கடலடியில் முங்குகிற நெல்லைப் பக்கத்து ஸ்கூபாக்காரர்களின் கணக்கு. முக்கால்வாசி சரி. சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் கேரளத்துக் கோவளத்தையும் கர்நாடகத்து நேத்ராணித் தீவையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடிவைக்கிறது. தூத்துக்குடியில் அது கச்சானாக வீசி அடிமண்ணைக் கிளறிவிடுகிறது. மீதிக் கால்வாசிக்குப் பெயர் திருகோணமலை. நமக்குப் பொதிகை செய்கிற வேலையை அங்கே இலங்கையின் நடுமலை செய்கிறது. ஈரத்தை மேற்கிலேயே இறக்கிவிட்டு, கிழக்குக் கரையை வெயிலில் காயவிடுகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே கடல் தட்டையாகக் கிடக்கும். அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் கிடைக்கிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கடலுக்குக் கிடைக்கவில்லை.

சொந்தக் கடலை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது. "தெரிஞ்ச படகு இருக்கு, பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதோடு, தீவுகளைச் சுற்றிப் பவளம் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. அதற்குச் சிலிண்டர் தேவையே இல்லை, மாஸ்க்கும் ஸ்னார்க்கெல் குழாயும் போதும். சிலிண்டருக்கு ஏற்ற ஆழம் வெளிக்கடல் பார்களில், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளில், இருக்கிறது, முன்பு முத்துக் குளித்த அதே பார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அங்கே தடை கலங்கல்தான். தெளிவு கிடைக்கிற நாட்களை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நெல்லையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கிற கோவளம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பழகுவதற்குத் தோதான இடம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

திருகோணமலையில் மூன்று வகைக் கடலடி இருக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா, ஆழம் குறைவு, முதல்முறை இறங்குகிறவர்களுக்கு ஏற்றது. கருப்பு முனைத் துடுப்புள்ள சிறு சுறாக்கள் கரையோர ஆழத்திலேயே சுற்றும். ஆளைக் கண்டால் அவைதான் முதலில் விலகும். குறை என்னவென்றால் கூட்டம். பத்து மணிக்கு மேல் ஸ்னார்க்கெல் படகுகள் வரிசையாக வந்து இறக்கிவிடுகிற ஆட்கள் பவளத்தின் மேலேயே நின்று மாஸ்க் மாட்டுகிறார்கள். கரைப்பக்கப் பவளம் அதனால்தான் நொறுங்கிக் கிடக்கிறது. காலை ஏழு மணிப் படகு கிடைக்காவிட்டால் புறாத்தீவை விட்டுவிடலாம்.

இரண்டாவது கோணேசர் மலையின் அடிவாரம். தேவாரப் பாடல் பெற்ற தலம். பழைய கோயிலைப் 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளினார்கள். 1956இல் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இங்கே முங்கியபோது அந்தக் கற்கள் நீருக்கடியில் கிடப்பதைக் கண்டார்கள். இன்றும் கிடக்கின்றன. பார்க்கலாம், தொடக் கூடாது. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கூர்ந்து பார்த்தால் ஒரு கல் மட்டும் சதுரமாகத் தெரியும். பாசியும் சிப்பியும் மூடிய தூண். மலைக்கு மேலே மணியடிக்கிற கோயிலுக்குக் கீழே அதன் முன்னோரைப் பார்ப்பதற்காகவே போகலாம். வேறெங்கும் இப்படி ஒரு முங்கல் கிடைப்பது அரிது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தரலாம்.

மூன்றாவது வகை, மூழ்கிய கப்பல்கள், அதற்குத் தெற்கே மட்டக்களப்புப் பக்கம் போக வேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மீஸ் சுமார் 53 மீட்டரில் கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையே 40 மீட்டர்தான். எனவே தனிப் பயிற்சியும் தனி வாயுக் கலவையும் இல்லாதவர்கள் அந்தப் பெயரை எடுக்க வேண்டாம். அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜென்ட் பாசிக்குடா அருகே சுமார் 24 மீட்டரில் கவிழ்ந்து கிடக்கிறது. அடிப்படைப் பயிற்சிக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருந்தால் போதும். களவா மீன்கள் அதன் வயிற்றுக்குள் குடியிருக்கின்றன.

இந்தக் கடலின் இன்னொரு பலம் பாஷை. படகுக்காரரும் பல பயிற்றுநர்களும் தமிழில் பேசுகிறார்கள். அங்கே முங்குகிறவரைச் சுழியோடி என்பார்கள். காதைச் சமன்செய்வது, கைச்சைகை, காற்று தீர்ந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் தாய்மொழியில் கேட்பது சின்ன வசதி இல்லை. கச்சான் என்பது அங்கேயும் காற்றுதான், ஆனால் கடையில் கேட்டால் வேர்க்கடலை தருவார்கள். இந்தக் கச்சான் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அலை எழும்புவதில்லை. அதே காரணத்தால், படகிலிருந்து தள்ளி மேலே வந்தவரைக் காற்று வெளியேதான் தள்ளும், கரைக்குக் கொண்டுவராது. மதியத்துக்கு மேல் வேகம் கூடும். காலைப் படகைக் கேளுங்கள். வழிகாட்டியின் இடுப்பில் ஊதி மேலே விடுகிற சிவப்பு அடையாள மிதவை தொங்குகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கடை வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்க விளம்பரப் பலகை உதவாது, சிலிண்டரைப் பாருங்கள். தோள்பட்டையில் அழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும், ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் திறந்து மோந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் காற்றடிக்கிற கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, டீசல் வாடைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரை வாயில் வைத்து, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நாலு முறை இழுங்கள். முள் 200 பாரில் (இந்தப் பார் அழுத்தத்தின் அலகு) அசையாமல் நிற்க வேண்டும். இழுக்கும்போதெல்லாம் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. மேலே நன்றாகத்தான் இருக்கும், 15 மீட்டரில் காற்று திணறும்.

காற்றின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர். 200 பாரில் சுமார் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும், ஆக 1,650 லிட்டர்தான் செலவுக்கு. மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், அழுத்தம் இரட்டிப்பதால், 10 மீட்டரில் 40 இழுப்பார், நாற்பது நிமிஷம் வரும். பதறுகிற புது ஆளுக்கு இருபத்தைந்தே பெரிய விஷயம். இன்னொன்று, காற்று குறையக் குறைய இந்தச் சிலிண்டர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை இழந்து மிதக்கப் பார்க்கும். ஆரம்பத்தில் ஈயக்கட்டியைக் குறைத்துக் கட்டியவர் கடைசியில், மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க முடியாமல் பந்து மாதிரி மேலே போய்விடுவார்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கமலைக் கிணற்றின் அடியில் மண் எடுத்துவந்த ஆளுக்கு மூச்சை அடக்குவது கைவந்த கலை. ஸ்கூபாவில் அந்தப் பழக்கம்தான் வினை. சிலிண்டர் காற்றை இழுத்து அடக்கியபடி மேலே வந்தால் நெஞ்சுக்குள் காற்று விரியும். ஒன்றரை மீட்டர் ஏற்றம்கூட நுரையீரலைக் கிழித்துவிடலாம். இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும், நிறுத்தவே கூடாது. காதை வலி வருவதற்கு முன்பே, முதல் மீட்டரிலிருந்தே, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன்செய்ய வேண்டும். சளி இருந்தால் அன்றைக்கு முங்கல் கிடையாது.

மீசைக்காரர்களுக்கும் ஒரு சேதி. மாஸ்க்கின் கீழ்விளிம்பு தோலில் ஒட்ட வேண்டும். அடர்ந்த மீசை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். முழுக்க எடுக்க வேண்டியதில்லை, மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய பட்டை மட்டும் மழித்தால் போதும், மீசை மீசையாகவே இருக்கும். சொந்தமாக ஒரு பொருள் வாங்குவதென்றால் மாஸ்க்கையே வாங்குங்கள். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தபிறகும் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துப்பினாலும் பனிமூட்டம்தான்.

போக்குவரத்து சுற்றுதான். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து சாலையில் ஆறு மணி நேரம் அல்லது இரவு ரயில். கடைக்காரர் சொல்லும் விலையில் படகு, பூங்கா நுழைவுச்சீட்டு, உபகரண வாடகை மூன்றும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். புறாத்தீவுச் சீட்டு தனி என்று கரையில் வைத்துச் சொல்வதுதான் அங்கே அதிகம் கேட்கிற புகார்.

திரும்புகிற நாளைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால் கோலி சோடாவைத் திறந்த கதை. பல முங்கல்களுக்குப் பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். மலைக்கும் இதே விதி. கடைசி முங்கலை முடித்த கையோடு 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவுக்கு வண்டியை விடக் கூடாது. கோவளத்தில் முங்கிவிட்டு அன்றே மாஞ்சோலை ஏறுவதும் தப்புதான். ஒரு நாளைத் திருகோணமலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோணேசரை இந்த முறை மேலேயிருந்து பார்க்கலாம். கன்னியா வெந்நீரூற்று பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் முங்கிய அன்றைக்கே சுடுநீரில் குளிக்காமல் அதையும் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.