தீர்ப்புக்கு முன் தட்டு மாற்றலாமா?

"கேஸ் முடியிற மாதிரிதான்" என்ற பேச்சை நம்பி வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் உண்டு. முந்தைய கல்யாணம் சட்டப்படி முடியாமல் இருக்கும்போதே அடுத்த சம்பந்தம் கூடிவந்தால் வீட்டார் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஊரறிய நிச்சயம் செய்வது, பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்குள் பேசி வாய்வார்த்தையோடு நிறுத்துவது, தீர்ப்பு நகல் கைக்கு வரும்வரை எதையும் தொடாமல் இருப்பது. முதல் வழி ஏறக்குறைய எந்த வழக்குக்கும் ஆகாது. மற்ற இரண்டில் எது சரி என்பது வழக்கு எந்த வகை என்பதைப் பொறுத்தது.

நிச்சயதார்த்தம் மட்டும் குற்றம் ஆகாது. இருதார மணத்துக்கான தண்டனை (பழைய இ.பி.கோ. 494, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 82) இரண்டாவது கல்யாணம் முறைப்படி நடந்தால்தான் வரும். 7 ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்திருந்தால் 10 ஆண்டு வரை. "அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். பயம் தமிழ்நாட்டில்தான் கூடுதல். 1967இல் இங்கே இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி ஐயர், ஹோமம், தாலி எதுவும் இல்லாமலே கல்யாணம் ஆகும். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் போட்டாலோ போதும். இன்றைய நிச்சய மேடையில் நடப்பதும் அதுதானே! மணக்கும் எண்ணம் அன்று இல்லை, நிச்சயம்தான் என்று கடைசியில் வாதிட்டு ஜெயிக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் மாலையும் மோதிரமுமாக ஆல்பம் இருக்கும். நீங்கள் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். கட்டாயம் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் வெற்றிலை பாக்கோடு நிறுத்துங்கள். மாலை, மோதிரம், மேடை, போட்டோகிராபர் நான்கும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பேரத்தில் வரும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் (இந்து திருமணச் சட்டம், பிரிவு 13-பி) ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த பிறகு இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். அன்றிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இரண்டாவது முறை ஆஜராகி "இன்னும் சம்மதம்தான்" என்று இருவருமே சொன்னால்தான் தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த இடைவெளியில் மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நிச்சய போட்டோ வந்தால் என்ன ஆகும்? இரண்டாவது முறை ஆஜராகும் நாளில் முதல் மனைவி "யோசிக்கணும்" என்பார், வழக்கு தள்ளிப்போகும். மண்டபத் தேதி குறித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்பது அவர் தரப்புக்குத் தெரியும். ஏற்கெனவே பேசி முடித்த ஜீவனாம்சத் தொகை அங்கேயே ஏறும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. துருப்புச்சீட்டை நீட்டியது நீங்கள்தானே.

ஆகவே 13-பி வழக்கில் வாய்வார்த்தை போதும், அதுவும் நாலு பேருக்குள். காலத்தைக் குறைக்க நேரான வழி ஒன்று உண்டு. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரசம் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை யாரிடம் என்பதும் முடிவாகியிருந்தால் 6 மாதக் காத்திருப்பைத் தளர்த்தக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றம், 2017). முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து அதற்கான மனுவைத் தாக்கல் செய்யலாம். நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் கிடைக்கும். மிச்சத் தொகைக்கு டி.டி. எடுத்துக் கையில் வைத்திருப்பதும், நகை, பாத்திரம், சீர்ப் பொருள் திரும்பியதற்குப் பட்டியல் போட்டு இருதரப்பும் கையெழுத்திட்டிருப்பதும் இங்கே உதவும். பாக்கி இருந்தால் கேள்வி வரும்.

எதிர்த்து நடக்கும் வழக்கில் (பிரிவு 13) வாய்வார்த்தைகூட வேண்டாம். மனக் கொடுமை என்று நீங்கள் போட்ட வழக்கில், உங்கள் புதுச் சம்பந்தமே எதிர்த்தரப்பின் பதில் மனுவில் முதல் பத்தியாக வந்து உட்காரும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் வேலை முடியாது. அப்பீல் காலம் கழிந்தபின், அப்பீல் இருந்தால் அது தள்ளுபடியான பின்தான், மறுமணம் செய்யலாம் என்கிறது பிரிவு 15. அந்தக் காலம் 90 நாள். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தைக் காட்டி 30 என்பவர்களும் உண்டு. 90ஐயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எதிர்த்தரப்பு நகலுக்கு மனு போட்டு, கோர்ட் அதைக் கொடுக்க எடுத்துக்கொண்ட நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. எனவே காலண்டரைப் பார்த்து 91ஆம் நாள் முகூர்த்தம் குறிப்பது அவசரம்.

மூன்றிலும் மோசமானது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. எதிராளி வராமலே கிடைத்ததால் சுலபமாகத் தெரியும். சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்தத் 'தெரிந்த நாள்' பல நேரம் உங்கள் நிச்சயச் செய்தி ஊருக்குள் பரவிய நாள்தான்.

பஞ்சாயத்தில் 'அத்து விட்டாச்சு' என்று பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்குவது இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக உண்டு என்று நிரூபித்தால் மட்டும் சட்டம் ஏற்கும் (பிரிவு 29). அதை நம்பி தட்டு மாற்றுவதற்குப் பதில் 13-பி மனுவே செலவு குறைவு.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் கவனிக்க: ஜமாத் போன்ற தனி அமைப்புகள் தரும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கருக்கு இரட்டை வேலை. கோர்ட் தீர்ப்பு தனி, திருச்சபை நீதிமன்றம் தரும் தீர்ப்பு தனி. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

பெண் கொடுக்கும் வீட்டார் "முடிஞ்சுடுச்சு" என்ற சொல்லை ஏற்காமல் வழக்குக்கென்று கோர்ட் தரும் 16 இலக்கத் தனி எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வழக்கின் நிலை தெரியும். அதில் 'டிஸ்போஸ்டு' (வழக்கு முடிந்தது) என்று இருந்தால் விவாகரத்து கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. மனுதாரர் வராததால் தள்ளுபடியான வழக்கும் அப்படித்தான் காட்டும். எந்த விதமாக முடிந்தது என்ற வரியைப் படியுங்கள். பிறகு தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகலும் வாங்கிப் பாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பென்றால் அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சார்பு நீதிமன்றத் தீர்ப்பென்றால் சத்துவாச்சாரியிலோ உங்கள் மாவட்டத் தலைநகரிலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்கு. அங்கே அப்பீல் இல்லை என்பதை ஒரு வக்கீலைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோயிலில் கல்யாணத்துக்கு எழுதும்போதும், பதிவு அலுவலகத்திலும் இதே நகலைத்தான் கேட்பார்கள். கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டியிருப்பதால் கூடுதலாக இரண்டு செட் முன்பே எடுத்து வையுங்கள்.