கஞ்சி போட்ட துணியா, நெருக்கி நெய்த துணியா?

ஃபோக்போட் மாதிரி ஏழரை மீட்டர் பாய்மரப் படகுக்குப் பாய் மொத்தமே 24 சதுர மீட்டர்தான். புதிதாகத் தைக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, எந்தத் துணி, டேக்ரானா லேமினேட்டா? நிதானமாகக் கரையோரம் சுற்றி வருகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லேமினேட் என்பது மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தோடு இழைகளை ஒட்டியது. பயணப் படகுக்கானதில் இருபுறமும் மெல்லிய பாலியஸ்டர் துணி போர்த்தியிருப்பார்கள். எதிர்க்காற்றில் ஏறும்போது உருவம் குலையாது. ஆனால் படபடவென்று அடிக்க விட்டால், கசக்கி மடித்தால், ஒட்டு விட ஆரம்பிக்கும். ஈரத்தோடு சுருட்டினால் அடுக்குகளுக்குள் பூஞ்சணம் புகும். அதைக் கழுவி எடுக்கவும் முடியாது.

டேக்ரான் நெய்த பாலியஸ்டர். முரட்டு உழைப்பாளி, கிழிந்தால் நாமே ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்துக்கொள்ளலாம். நாளாவட்டத்தில் இழுபடும். அப்போது பாயின் தொப்பை பின்னால் நகர்ந்துவிடும், படகு முன்னேறுவதைவிடச் சாய்வதுதான் அதிகம்.

என்னைக் கேட்டால், நிஜப் போட்டி டேக்ரானுக்கும் டேக்ரானுக்கும்தான். பாவு வாட்டத்திலோ (நெடுக்கு நூல்) ஊடை வாட்டத்திலோ (குறுக்கு நூல்) இழுத்தால் துணி தாங்கும். மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். அதை அடக்கத் தறியிலேயே நெருக்கி அடித்துச் சூட்டில் சுருக்குவது ஒரு வழி. தளர நெய்து பிசினைப் பூசி விறைக்க வைப்பது இன்னொரு வழி, விலை குறைவு. இது கஞ்சி போட்ட வேட்டி. கடையில் மொடமொடவென்று நிற்கும். காற்றில் அடிபட அடிபடப் பிசின் நொறுங்கித் தொளதொளத்துவிடும்.

மாதிரித் துண்டு கேட்டு வாங்கி மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள். பிறகு நன்றாகக் கசக்கிவிட்டு மறுபடி இழுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, முன்னைவிட அதிகம் நெகிழ்ந்தால் அதுவரை தாங்கியது பிசின்; நெசவு அல்ல.

எடையில் ஒரு குழப்பம் உண்டு. துணியின் எடையைச் சொல்ல அமெரிக்கப் பாய் தைப்பவர்கள் கணக்கில் எடுக்கும் ‘கஜம்’ 36-க்கு 28.5 அங்குலத் துண்டு. அதனால் அவர்கள் சொல்லும் 6 அவுன்ஸ் சதுர மீட்டருக்குச் சுமார் 257 கிராம். இந்த அளவுப் படகின் பெரிய பாய்க்கு அதை ஒட்டிய எடை போதும்.

டைனீமா என்ற மிக உறுதியான இழை கலந்து நெய்த ஹைட்ராநெட் துணி, லேமினேட்டின் உறுதியை ஒட்டு விடும் பயமில்லாமல் தரும். விலைதான் மலைக்க வைக்கும். பெருங்கடல் தாண்டுகிறவர் யோசிக்கட்டும். நைலான் பின்காற்றுக்கு விரிக்கும் ஸ்பின்னேக்கர் பாய்க்கு மட்டும்.

நான் எடுப்பது நெருக்கி நெய்த டேக்ரான். ஹைட்ராநெட்டுக்குப் போகாமல் மிச்சமாகும் காசில், சுருட்டி வைக்கும் முன்பாய்க்கு வெயில் மறைப்புப் பட்டை தைத்துவிடுவேன். வெயிலில் துணிக்கு முன்பே இற்றுப்போவது தையல் நூல்; பழைய பாயின் பின்விளிம்பில் நகத்தால் கீறினாலே பொடிப்பொடியாக வந்துவிடும்.