புது கார்புரேட்டர் என்று என் கார்புரேட்டரையே எனக்கு விற்றார்

நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவே காவிரி கதவணையால் தேங்கி, பார்வைக்கு ஏரிபோல அசையாமல் கிடக்கும். மோட்டார் நின்றுபோன படகில் உட்கார்ந்தால்தான் அது ஆறு என்பது உறைக்கும். படகு தன்பாட்டுக்குக் கதவணைப் பக்கம் நகரத் தொடங்கிவிடும். இந்த வருடம் வைகாசிக்கும் ஆடிக்கும் இடையில் நான் மூன்று முறை அப்படி நகர்ந்தேன். மூன்றாவது முறை நகர்ந்தபோது அந்த மோட்டாருக்கு 19,300 ரூபாய் செலவழித்து முடித்திருந்தேன்.

மோட்டார் பழையது. 8 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். அப்பா கடற்கரைப் பக்கம் போய்ப் பழையதாகவே வாங்கி வந்தார். கிளம்பும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்ளும். வேகம் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். முதல் முறை நின்றபோதே, டாங்கிலிருந்து வரும் டியூபின் நடுவில், கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்காக உள்ள ரப்பர் பல்பைத் தொட்டுப் பார்த்தேன். சப்பிப் போட்ட மாம்பழத் தோல்போல ஒட்டிக் கிடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கிணற்று மோட்டார் என்றால் நம் பக்கம் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். படகு மோட்டாருக்கு ஆள் கிடைப்பது அரிது. விசாரித்ததில் ஒரு பட்டறையைச் சொன்னார்கள். பட்டறைக்காரர் மரியாதையில் குறை வைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டார், மோர் கொடுத்தார். பல்பு ஒட்டிக் கிடந்ததைச் சொன்னேன். “அதெல்லாம் ஒன்றுமில்லைங்க, கார்புரேட்டர் போய்விட்டது” என்றார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம் அது. டாங்கையும் டியூபையும் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்துக் கார்புரேட்டருக்கு 13,500, பெட்ரோல் பம்பில் அசைந்து இறைக்கும் மெல்லிய தகடான டயாபிரம் செட்டுக்கு 2,800, கூலி 3,000 என்று வாங்கிக்கொண்டார். என் கண்முன்னே ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீர் இல்லாமல் இரண்டு நிமிடம் உறும விட்டுக் காட்டினார். அவுட்போர்டை, அதாவது படகின் பின்னால் மாட்டும் இந்த வகை மோட்டாரை, தண்ணீரில் இறக்காமல் ஓட்டவே கூடாது. கீழே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரை இறைத்துத்தான் இன்ஜினைக் குளிர்விக்கிறது. வறட்டு ஓட்டத்தில் அந்த ரப்பர் தேய்ந்து கருகும். ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்டுவதுதான் முறை. அன்றைக்குப் பிறகு பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நூல்போல மெலிந்தது. இம்பெல்லர் மாற்றத் தனிச் செலவு. அதைவிடப் பெரிய ஏமாற்று அந்த இரண்டு நிமிடக் கணக்குதான். பத்து நிமிடம் இழுத்த பிறகு வரும் கோளாறு இரண்டு நிமிடத்தில் எப்படித் தெரியும்?

அடுத்த வாரமே ஆற்றின் நடுவில் நின்றது. தொலைபேசியில் கேட்டதற்கு, “பெட்ரோலில் ஆயில் கூடுதலாகக் கலக்குங்க” என்றார். டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும்; என் மோட்டாருக்குக் கணக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. அவர் பேச்சைக் கேட்டு இரட்டிப்பாகக் கலந்ததில் ஸ்பார்க் பிளக் கரியும் பிசுக்குமாக அடைத்ததுதான் மிச்சம். மூன்றாம் முறை, மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பரிசல்காரர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். அவர் காசு வாங்கவில்லை.

திருப்பூரில் சாயப்பட்டறையில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் என் பெரியப்பா மகன் ஆடி நோன்புக்கு வந்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, கிணற்றில் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு அடைத்துக்கொண்டால் மேலே இருக்கும் மோட்டாரையா மாற்றுவாய்?”

பல்பு ஒட்டிப்போனால் இன்ஜின் உறிஞ்சுகிறது, டாங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். அடைப்பு பல்புக்கு முன்னால், டாங்கு பக்கம் இருக்கிறது. எவ்வளவு அமுக்கியும் பல்பு இறுகாமல் தொளதொளவென்றிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. கல்போல இறுகி இருந்தும் மோட்டார் நிற்கிறது என்றால்தான் பம்பு, கார்புரேட்டர் என்று இன்ஜின் பக்கம் போக வேண்டும். அமுக்கும்போது பல்பில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து, மேல்நோக்கி இருக்கட்டும்.

டாங்கு மூடியின் காற்றுத் துளையை முதலில் பார்த்தோம்; திறந்துதான் இருந்தது. பக்கத்துப் படகின் டாங்கையும் டியூபையும் இரவல் வாங்கி மாட்டியதும் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. அண்ணன் எங்கள் டியூபைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்தார். உள்பக்கத்து ரப்பர் தோல் உரிந்து, நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. வேகமாக உறிஞ்சினால் நாக்கு வழியை அடைக்கும்; ஓய்ந்தால் விலகும். அதனால்தான் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஓடியது. புது டியூபும் பல்பும் 1,150 ரூபாய்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யாத பழைய ரப்பரை அது ஊற வைக்கும். மாதக்கணக்கில் டாங்கிலேயே கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஓர் இரவு வைத்தால் அடுக்காகத் தெரியும். எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன். அந்த டியூப் எங்களிடம் வந்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

மறுநாள் ‘புது’ கார்புரேட்டரையும் கழற்றினோம். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அண்டா, மண்வெட்டி, டார்ச் லைட் என்று எது கையில் கிடைத்தாலும் ஆணியால் ‘ரா’ என்று கீறி வைப்பார். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில், புதிதாக அடித்திருந்த வெள்ளிப் பெயின்டுக்குக் கீழே, அப்பாவின் ‘ரா’ இருந்தது. பம்பைத் திறந்தால் டயாபிரம் பழையது, காய்ந்து அப்பளமாகக் கிடந்தது.

பட்டறையின் பெயரை நான் எழுதவில்லை. காரணம், என் கையில் இருப்பது ‘மோட்டார் வேலை 19,300’ என்று எழுதிய துண்டுத் தாள் மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதிய பில்லும், கழற்றிய பழைய பாகமும் இல்லாமல் எதைக் காட்டி வழக்காடுவது? இரண்டையும் கேட்டு வாங்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ‘ரா’வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறவில்லை. மோர் வரவழைத்தார். “பையன் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டானுங்க. அடுத்த வேலையில் கழித்துக்கொள்ளலாம்” என்றார்.