கனமான கதவு மாட்டுகிறீர்களா? கீலைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீடு புதுப்பிக்கிறவர்கள், முக்கியமாகத் தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பழைய வீடு வாங்கியவர்கள், இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு கொந்த்ராக்டர் எங்கள் வாசல் கதவை மாட்டிய லட்சணத்தைச் சொல்கிறேன். புகார் மனு போட்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

கதவில் குறை இல்லை. மெர்பாவ் மரம், 3 அடிக்கு 7 அடி, எடை எப்படியும் 60 கிலோ வரும். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலில் "ஸ்டெயின்லெஸ் கீல் 5 அங்குலம், 3" என்று தெளிவாக இருந்தது. நான் வேலை முடிந்து வருவதற்குள் கதவை மாட்டி, கீலுக்கு மேலேயே சாயத்தையும் பூசிவிட்டு, வீட்டில் இருந்த மாமியாரிடம் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தச் சாயம் எதற்கு என்பது பிறகுதான் விளங்கியது.

தீபாவளி முடிந்த கையோடு கதவு தரையில் உரச ஆரம்பித்தது. புது டைல்சில் கால் வட்டமாக ஒரு கீறல். கூப்பிட்டால், "மழைக்கு மரம் ஊதிருச்சு லா அக்கா, வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். வெயில் வந்தது, சரியாகவில்லை. அப்புறம் வந்து கதவைக் கழற்றி, அடிப்பக்கத்தை இழைப்புளியால் இழைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி உரசல், மறுபடி இழைப்பு.

மரம் ஊதுவது பொய் இல்லை. ஆனால் ஊதினால் கதவின் அகலம்தான் கூடும். பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை நிலையில் இறுகும். எங்கள் கதவில் கீல் பக்கத்தின் மேல்பகுதியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பூட்டுப் பக்கத்தில் மேல் மூலை மட்டும் நிலையை இடித்தது, கீழ் மூலை தரையைத் தொட்டது. இப்படி இருந்தால் மேல் கீல் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் வந்து சாயத்தைச் சுரண்டினார். கீல் இரண்டுதான். ஸ்டெயின்லெஸ் இல்லை, மெல்லிய இரும்பு. ஸ்குரு முக்கால் அங்குலம். அதன் தலையில் திருப்புளி பட்ட தடமே இல்லை. சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார். மேல் கீலின் ஓட்டைகளில் தீக்குச்சியும் பசையும். "ஏம்மா, பிளைவுட் கதவுக்கு வெட்டுன பள்ளத்துலயே இதையும் மாட்டியிருக்கான்" என்றார் மாமா. பழைய நிலையில் இருந்த பள்ளங்கள் மேலிருந்து ஒன்றரை அடியில் ஒன்று, கீழிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று. புதுப் பள்ளம் வெட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

அது ஏன் தப்பு என்று கணக்குப் போட்டே காட்டலாம். கதவின் பாரம் அதன் நடுவில், கீல் பக்கத்திலிருந்து 18 அங்குலத்தில் நிற்கிறது. மேல் கீலை அது வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே தள்ளும். கீல்களுக்கு இடையே 46 அங்குலம் இருந்தால், 60 கிலோ கதவு மேல் கீலை ஏறத்தாழ 23 கிலோ பாரத்துக்கு இழுக்கிறது. அதையே 65 அங்குலமாக்கினால் 17 கிலோகூட வராது. கதவு, மரம், ஆள் எதையும் மாற்றாமல், கீலைத் தள்ளி வைத்ததாலேயே வரும் வித்தியாசம் இது.

மாமா மேல் கீலை உச்சியிலிருந்து 6 அங்குலத்திலும், கீழ்க் கீலை அடியிலிருந்து 9 அங்குலத்திலும் வைத்தார். கதவின் குறுக்குச் சட்டத்தின் நாக்கு பக்கச் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரு விழாதபடி கீழ்க் கீலைக் கொஞ்சம் நகர்த்தினார். அங்கே ஸ்குரு மர நரம்பின் போக்கிலேயே இறங்குவதால் பிடி இருக்காதாம். மூன்றாவது கீலைச் சரியாக நடுவில் வைப்பதுதான் வழக்கம், கதவு வளையாமல் இருக்க. கனமான கதவு என்பதால் மேல் கீலுக்கு ஒரு சாண் கீழே வைத்தார், இழுவையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள. ஒவ்வொரு ஸ்குருவுக்கும் முதலில் சின்ன ஓட்டை போட்டுத்தான் முடுக்கினார். மெர்பாவ் மாதிரிக் கெட்டி மரத்தில் அப்படிச் செய்யாவிட்டால் மரம் வெடிக்கும், இல்லையென்றால் ஸ்குரு முறியும்.

இப்போது கதவு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் இரண்டு தடவை இழைத்த அடிப்பக்கத்தை யார் திருப்பித் தருவது? கீழே பூரான் நுழையும் அளவுக்குச் சந்து. அதற்குத் தனியாக ரப்பர் பட்டை வாங்க வேண்டியதாயிற்று.

காசு கொடுக்கும் முன் கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுங்கள். தானாக ஓடக் கூடாது. பூட்டுப் பக்கத்து முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், கீல் ஆடினால் அப்போதே கழற்றச் சொல்லுங்கள். ஒரு ஸ்குருவையாவது உங்கள் கண் முன்னால் கழற்றி நீளத்தைக் காட்டட்டும். கீல் மேல் சாயம் பூச விடாதீர்கள்.

விலைப்பட்டியல், படங்கள், குரல் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டு போகலாம், மூன்று ஆண்டுகளுக்குள். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். கீல், கூலி, ரப்பர் பட்டை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்து நானும் போட்டிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அந்த ஆள் இப்போது என் போனை எடுப்பதில்லை.