150 குதிரையும் அதற்கான கொள்ளும்: விர்டஸ் ஜிடி மேனுவல், 46,000 கிலோமீட்டருக்குப் பிறகு

கோவை சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு வண்டிகளை இருபது வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 2023 ஜூலையில் மூன்று கார்களின் விவரத்தை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். "குதிரை எத்தனைன்னு வரிசையா எழுதியிருக்கீங்க. கொள்ளு எவ்வளவு திங்கும்னு எங்கேயும் எழுதலையேங்க" என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஓடோமீட்டர் 46,000ஐத் தாண்டிவிட்டது. கொள்ளுக் கணக்கும் கையில் இருக்கிறது.

தாளில் இருந்தவை இவை. முதலாவது ஹூண்டாய் வெர்னா டர்போ: 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர் இழுவிசை. அடுத்தது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி: 150, 250. மூன்றாவது என் நெடுநாள் கனவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017இல் இந்தியாவுக்கு 250 வண்டிகள்தான் முதலில் வந்தன, 230 குதிரைத்திறன், ஷோரூம் விலை 25 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. நான் பார்த்த பழைய வண்டிக்குக் கேட்ட விலை, புது விர்டஸின் ஆன்-ரோடு விலையைவிட ஒரு லட்சம்தான் அதிகம். ஒரு லட்சத்துக்கு 80 குதிரை! கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அந்த ஆக்டேவியாவை விட்டதற்குக் காரணம் ஒரே ஒரு பில் இல்லாததுதான். அதன் கியர்பாக்ஸ் ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக். கிளட்ச் எண்ணெயில் ஊறியிருக்கும் வகை, உறுதியானது. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும். வண்டி 70,000 ஓடியிருந்தது. இன்ஜின் ஆயில், பிரேக் பேட், டயர் என எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு மட்டும் இல்லை. விற்றவர் "மாத்தியிருப்பாங்க சார்" என்றார். அந்த "இருப்பாங்க" எனக்குப் போதவில்லை.

மிச்சம் இரண்டு. இரண்டுமே 1.5 லிட்டர் டர்போ (புகையின் விசையால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) இன்ஜின்: வெர்னா 1,482 சிசி, விர்டஸ் 1,498 சிசி. ஏன் எல்லோரும் 1,500க்குள் நிற்கிறார்கள் என்றால், வரிதான். அப்போது இந்த அளவு செடானுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 45 சதவீதம். 1,500ஐத் தாண்டினால் 48. இன்ஜினின் அளவை இன்ஜினியரோடு சேர்ந்து வரித்துறையும் வரைந்திருக்கிறது. (2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 40 சதவீதம். முன்பே வாங்கியவன் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் நான் 2023 ஆகஸ்டில் பதிவு செய்ததால் சாலை வரி 15 சதவீதத்தோடு போயிற்று. அதே வருடம் நவம்பரில் தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு அது 18 ஆனது. ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் கொஞ்சம் பிடித்தேன்.)

தாளில் 10 குதிரை வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. டெஸ்ட் டிரைவில் அதைத் தேடித்தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இரண்டிலும் முழு இழுவிசை 1,500, 1,600 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வந்து 3,500 வரை நிற்கிறது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் நாம் ஓட்டுவது அந்த எல்லைக்குள்தான். உச்ச குதிரைத்திறன் 5,000க்கு மேலே இருக்கிறது. அவினாசி சாலையில் அங்கே போக எனக்கு வேலை இல்லை.

முடிவெடுக்க வைத்தது கிளட்ச். இரண்டு கார்களின் ஆட்டோமேட்டிக்கும் ஏழு கியர், இரட்டைக் கிளட்ச், எண்ணெய் இல்லாத உலர் வகை. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும், சூடு அங்கேதான் சேரும். டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கோளாறுக்காக 2013இல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் 3,84,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்த கதை கார்ப் பைத்தியங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நிறையத் திருத்தியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விர்டஸில் உள்ள உலர் டிஎஸ்ஜி தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவதும் 250. நடுவில் இடைவெளியே இல்லை. ரீமேப் செய்து (இன்ஜின் மென்பொருளை மாற்றி) 300க்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த கியர்பாக்ஸை நினைத்துத்தான் கவலை வருகிறது.

எனக்குத் தினமும் காந்திபுரம் சிக்னல்கள் உண்டு. அதனால் மேனுவல்தான் என்று முடிவு செய்தேன். ஆறு கியர் மேனுவல் ஜிடி அந்த ஜூனில்தான் வந்திருந்தது. வெர்னா மேனுவல் ஏறத்தாழ ஒரு லட்சம் குறைவு, வசதிகளும் கூடுதல். விர்டஸில் முன்னால் டிஸ்க் பிரேக்கைக் கவ்வும் சிவப்புக் காலிப்பர், பின்னால் பழைய வகை டிரம் பிரேக். முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டுக் காலில் ரப்பர் செருப்பு மாட்டிய மாதிரி இருக்கும். ஆனாலும் விர்டஸை எடுத்தேன். குளோபல் என்சிஏபி விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் அப்போதே வாங்கியிருந்தது (வெர்னா வாங்கியது அக்டோபரில்). சர்வீஸ் வெர்னாவின் 10,000க்குப் பதில் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. வாரண்டி நான்கு வருடம். அப்புறம் ஸ்டியரிங். அதைச் சொல்லி விளக்க முடியாது, வால்பாறைக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் ஒரு அரசுப் பேருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைகிறேன், முள் 1,300க்கு விழுகிறது. அங்கே டர்போ தூங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. 1,700 வந்ததும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல ஒரு தள்ளு. முதல் சில மாதம் இது பழகாமல் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். இப்போது வளைவுக்கு முன்பே முதல் கியர் போடக் கூச்சப்படுவதில்லை. மேலே போய் நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். "அணைச்சுட்டீங்களா இல்லையாங்க?" என்று மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

சித்தப்பா மகன் டர்போ வெர்னா, ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறான். இரண்டு வண்டியும் ஒரே நாளில் மலை ஏறின. அவன் வண்டியில் மேடுபள்ளம் குறைவாகத் தெரிகிறது, பின் சீட்டில் அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு வளைவில் என் வண்டி. குடும்பத்தில் ஓட்டெடுப்பு வைத்தால் நான் தோற்பேன்.

மைலேஜ்: ஊருக்குள் 11, சேலம் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 17. சீரான வேகத்தில் இரண்டு சிலிண்டர்கள் தாமாக ஓய்வெடுத்துக்கொள்ளும், திரையில் அது தெரியும். பெருந்துறை தாண்டி வண்டி தானாகச் சிக்கனம் பிடிப்பதைப் பார்ப்பதில் ஒரு அற்பச் சந்தோஷம். மொத்த சராசரி 14. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் என்றால் இதுவரை பெட்ரோலுக்கு மட்டும் மூன்றேகால் லட்சம் போயிருக்கிறது. எத்தனால் 20 சதவீதமான பிறகு நெடுஞ்சாலை மைலேஜில் ஒரு கிலோமீட்டர் குறைந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் அதிசயமில்லை.

மூன்று சர்வீஸும் சேர்த்து 35,000க்குள். டயர் நான்கும் 41,000 கிலோமீட்டரில் மாற்றினேன், 38,000 ரூபாய். அதற்கு முன்பே மழைநாளில் தண்ணீர் நின்ற ஒரு குழியில் இறக்கி, பக்கவாட்டில் கொப்புளம் வந்து ஒரு டயர் போயிருந்தது. தப்பு என்னுடையதுதான். கிளட்ச் இன்னும் முதலில் வந்ததே.

இத்தனை ஓட்டத்தில் ஒரே ஒரு முறை இன்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தேன், திரையில் மஞ்சள். டர்போவா, இன்ஜெக்டரா என்று பயந்து அண்ணனை அழைத்தேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். ஆக்சிஜன் சென்சார் ஒயரை எலி கடித்திருந்தது. பேட்டரி மேல் பாதி தின்ற தேங்காய்ச் சில்லு வேறு. ஒயரை ஒட்டிச் சரிசெய்துவிட்டு, ஒரு புகையிலைக் காம்பை மூலையில் செருகினார். நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போடும் எந்தப் பட்டியலிலும் எலி இருப்பதில்லை.

இன்றைக்கு வாங்கினாலும் இதே இன்ஜின், இதே மேனுவல்தான். வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம், செம்மண் சாலையில் வசிக்கிறேன். வாரண்டி 2027 ஆகஸ்டில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எலிக்கும் சேர்த்துத் தர்றாங்களான்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.